குழந்தை மிட்டனில் கயிறு: எந்தக் காலத்துப் பழக்கம்?

டொராண்டோ அம்மா:
மகனுக்கு நான்கு வயது. மிட்டன் (கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரல்கள் ஒன்றாகவும் இருக்கும் கையுறை) போட்டு அனுப்பினால் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருகிறான். பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டையும் ஒரு கம்பளிக் கயிற்றால் இணைத்து, கோட்டின் இரண்டு கைகளுக்குள்ளும் கோர்த்துக் கொடுத்தார். அவருடைய அம்மாவும் இப்படித்தான் செய்வாராம். எவ்வளவு பழைய வழக்கம் இது?

ஊசிநூல்:
ரொம்பவே பழையதுங்க. ஐஸ்லாந்தில் அக்ரானெஸ் ஊருக்குப் பக்கத்தில் ஹேனெஸ் என்ற இடத்தில் ஒரு ஜோடிக் குழந்தை மிட்டன் கிடைத்தது. வைக்கிங் காலத்தது, அதாவது சுமார் ஆயிரம் வருஷம் பழையது. இரண்டையும் இணைத்தபடி கயிறும் இருக்கிறது!

அது ஊசியில் பின்னியதல்ல. பின்னல் கலை ஐஸ்லாந்துக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். தறியில் நெய்த வத்மால் என்ற கம்பளித் துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள். அந்தத் துணிதான் அங்கே அப்போது பணம் மாதிரி; கடனையும் வரியையும் அதை அளந்து கொடுத்தே அடைத்தார்கள். ஆட்டு மயிரை எடுத்து, நூற்று, நெய்து, தைத்த ஒன்றைப் பிள்ளை பனியில் விட்டுவிட்டு வந்தால் எந்தத் தாய்க்குத்தான் மனசு ஆறும்? கயிறு அதற்காகத்தான் என்று நம்புகிறேன். நான் பின்னும் ஒவ்வொரு ஜோடிக்கும் கயிறு வைக்கிறேன்.

பழையபெட்டி:
லண்டன் அருங்காட்சியகத்தில் 16-ஆம் நூற்றாண்டுக் குழந்தை மிட்டன் ஒன்று உண்டு. கம்பளியில் பின்னியது, வேறு நிறத்தில் பட்டை வேலைப்பாடும் இருக்கிறது. ஒற்றைதான் மிஞ்சியிருக்கிறது, ஜோடி இல்லை. குளிருக்கு மட்டும்தான் கையுறை என்றும் இல்லை. 1922-இல் திறந்த, பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமுனின் கல்லறையில் சிறு பிள்ளை அளவிலேயே லினன் கையுறை இருந்தது. அவர் அரியணை ஏறியபோது ஒன்பது வயது இருக்கும்.

டொராண்டோ அம்மா:
அருமை! ஐந்து விரல் கிளவுஸ் வாங்கலாமா? அவன் அதைத்தான் கேட்கிறான்.

ஊசிநூல்:
இப்போது வேண்டாம். சின்னக் கை சீக்கிரம் சூட்டை இழக்கும். விரல்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால்தான் கதகதப்பு நிற்கும். கயிற்றைக் கழுத்தைச் சுற்றிப் போகாமல் கோட்டுக்குள்ளேயே முதுகுப் பக்கமாக விடுங்கள். இரு கைகளையும் விரிக்கச் சொல்லி, ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டு வரை அளந்து, கொஞ்சம் தளர்வு கொடுத்தால் போதும். அப்புறம், பச்சைக் குழந்தைக்குப் போடுவதாக இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் விரலில் சுற்றி இறுக்கிவிடும்; ஒட்ட வெட்டிவிடுங்கள்.