காப்படி அரிமானம்: ஒரு சொல்லும் அதன் எல்லையும்

தடா, ஆய்வுப் பிரிவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தடா, ஸ்ரீசிட்டி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளில் ஆய்வுக்கு வரும் இளைஞர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. இன்சுலேஷனுக்கு (வெப்பக் காப்புக்கு) அடியில் குழாயும் தொட்டியும் வெளிப்புறமாக அரிபடுவதைத் தளத்தில் 'சி.யூ.ஐ.' என்கிறார்கள். இப்போதைக்கு 'உறைமறைவுத் துரு' என்று எழுதியிருக்கிறது. எங்கே வரும் என்று கணக்கிட்டுச் சொல்வதற்குத் 'துரு முன்கணிப்பு'. இரண்டும் பொருந்துமா?

கஞ்சிக்கோடு (பாலக்காடு), குழாய்ப் பராமரிப்பிலிருந்து:

ஐயா, முதல் சொல்லின் மூன்று பகுதியையும் மாற்ற வேண்டும்.

'துரு' கார்பன் ஸ்டீலுக்குச் சரி. 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில் காப்புக்கு அடியில் நேர்வது வெடிப்பு. ஈரம், குளோரைடு, இழுவிசை, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம், இந்த நான்கும் சேர்ந்தால் மயிரிழையாகக் கிளைவிட்டுப் பிளக்கும். தடிமன்மானி வைத்தால் முழுத் தடிமன் காட்டும். காப்பைக் கழற்றிச் சாய ஊடுருவல் சோதனை செய்தால்தான் வெடிப்பு தெரியும். 'துரு' என்று படித்தவர் 'துரு இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். பள்ளி வேதியியலில் வரும் 'அரிமானம்' இரண்டையும் தாங்கும்.

'மறைவு' என்றால் குழாயின் உட்சுவரில் நடப்பதும் மறைவுதான். 'உறை' என்றால் நம் ஆட்களுக்கு மேலே சுற்றும் கிளாடிங் தகடு. தண்ணீர் அந்தத் தகட்டின் மடிப்பு வழியே இறங்கி, காப்புப்பொருளில் ஊறி, உலோகத்தின்மேல் தங்குகிறது. இடத்தைச் சொல்லும் பெயர் போதும்: 'காப்படி அரிமானம்'.

சூலூர்பேட்டை, தொட்டிக் கட்டுமானத்திலிருந்து:

காப்படி எனக்கும் சம்மதம். பெயின்டையும் காப்பு என்று எடுத்துக்கொள்ளாதபடி அதைப் 'பூச்சு' என்றே எழுதுங்கள். இந்தச் சொல் மேலும் இரண்டைப் பெறும். எல்.பி.ஜி. உருண்டைக் கலன்களின் கால்களில் போடும் தீத்தடுப்புக் கான்கிரீட்டுக்குக் கீழே நடப்பது தீக்காப்படி அரிமானம். குழாய் உட்காரும் இடத்தில் நடப்பது தாங்கியடி அரிமானம்.

தொட்டிக்கு ஒரு குறிப்பு சேருங்கள். மேலே நுழையும் மழைநீர் நேராகக் கீழே வடிந்துவிடாது. காப்பைத் தாங்கும் ஒவ்வொரு வளையத்திலும் தேங்கும். காப்பு அடித்தளம் வரை இறங்கியிருந்தால் அங்கேயும் தேங்கும். நாசில், மேன்ஹோல், ஏணிப் பிடிப்பு, பெயர்ப்பலகை, கூரை சேரும் விளிம்பு ஆகியவைதான் நீர் புகும் வாய்கள்.

கஞ்சிக்கோட்டிலிருந்து மீண்டும்:

'முன்கணிப்பு' பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் மீதித் தடிமனையே கணித்துத் தரும் என்ற எண்ணத்தை உண்டாக்கும். கணக்கு தருவது வாய்ப்பின் வரிசையை மட்டுமே: எந்த லைனை முதலில் திறக்க வேண்டும் என்பதை. ஆகவே 'அரிமான வாய்ப்புக் கணிப்பு'.

அதில் முதலில் பார்ப்பது உலோகத்தின் வெப்பநிலை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வழிகாட்டி ஏ.பி.ஐ. 583 கார்பன் ஸ்டீலுக்குச் சொல்லும் வரம்பு −12 முதல் 175 டிகிரி. கொதிநிலையை ஒட்டிய பகுதியில் வேகம் மிக அதிகம். திறந்த தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் வெளியேறி அரிப்பு தணியும். காப்புக்குள் அடைபட்ட தண்ணீரில் அது நடப்பதில்லை. பிராசஸ் வெப்பநிலையை, அதாவது லைனில் ஓடும் பொருளின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 250 டிகிரி லைனிலிருந்து பிரியும் ஓட்டமில்லாத கிளை ஆறிப்போய் இந்த வரம்புக்குள் விழும். அடிக்கடி நின்று ஓடும் லைனும் அப்படியே.

அடுத்தவை பூச்சின் வயது, காப்பின் வகை, கிளாடிங்கின் நிலை. கால்சியம் சிலிகேட்டும் ராக்வுல்லும் நீரை வைத்துக்கொள்ளும். செல்லுலார் கண்ணாடி உறிஞ்சாது, ஆனால் அதன் இணைப்பு விரிசலில் நீர் நிற்கும். பிறகு சூழல். தடாவில் கடலும் பழவேற்காடு ஏரியும் உப்பைத் தருகின்றன. பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கஞ்சிக்கோட்டில் உப்பு குறைவு; ஜூனில் தொடங்கும் மழையும் கூலிங் டவர் தூவலும்தான் கவலை. ஒரே மதிப்பெண் அட்டவணையை இரண்டு ஊருக்கும் போடாதீர்கள்.

கருவிகளையும் பிரித்தெழுதுங்கள். நியூட்ரான் சிதறல், வெப்பப்படம் இரண்டும் 'ஈரங்காண் முறை'. ஈரம் எங்கே என்று சொல்லும், அரிப்பைச் சொல்லாது. பளபளக்கும் அலுமினியத் தகடு வெப்பப்படத்தைக் குழப்பும். துடிப்புச் சுழல்மின்னோட்டம் (பல்ஸ்டு எடி கரண்ட்) தடிமன் காட்டும், ஆனால் தன் பரப்பின் சராசரியை. சிறு குழி அதில் தப்பிவிடும்.

தடாவிலிருந்து:

மிக்க நன்றி. மூன்று பெயர்களையும் 'அரிமான வாய்ப்புக் கணிப்பு', 'ஈரங்காண் முறை' இரண்டையும் ஏற்கிறோம். 'துருச்செதில்' மட்டும் கார்பன் ஸ்டீலுக்கென்று தனியே இருக்கட்டும். தின்னப்பட்ட உலோகத்தைப்போல் பலமடங்கு பருத்துத் தகட்டைப் புடைக்கச் செய்வது அதுதான். அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில்: அழுத்தத்தில் ஓடும் லைனில் செதிலைச் சுத்தியால் தட்டாதே, கசிவை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தச் செதிலாக இருக்கலாம். ஆய்வுக்காகக் கிளாடிங்கில் வெட்டிய ஜன்னலை சீலன்ட் வைத்து மூடிய பிறகே படிவத்தில் கையெழுத்து.