அடைக்குணம், அடைக்கிடை, அடைகாப்பு: ஒரு சொல்லா, மூன்றா?

அன்புடையீர், வணக்கம்.

கோழி முட்டைமேல் அடை கிடக்கும் இயல்பைக் குறிக்கும் 'புரூடினஸ்' (broodiness) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அடைகாக்கும் தன்மை' என்ற தொடரே போதும் என்று நண்பர்கள் சிலர் கருதுகின்றனர். அத்தொடர் போதாது என்று நான் கருதுவதற்குக் காரணம் எங்கள் தெருவிலேயே நடந்தது. கோழி வளர்க்கும் அக்கா ஒருவர் வனராஜா என்ற கோழியினத்தின் குஞ்சுகளை வாங்கியபோது, உடன் கொடுத்த தாளில் 'அடைகாக்கும் தன்மை இல்லை' என்று அச்சிட்டிருந்தது. அதை அவர் 'இந்த முட்டை பொரிக்காது' என்று பொருள்கொண்டு, சேவலோடு திரிந்த பெட்டைகள் இட்ட முட்டைகளையெல்லாம் ஓராண்டுக்கும் மேலாகச் சமையலுக்கே எடுத்துக்கொண்டார். உண்மையில், வனராஜாவின் கருவுள்ள முட்டையை நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்தால் குஞ்சு பொரிக்கும். இட்ட கோழிதான் அதன்மேல் உட்காராது. குறை கோழியிடமா முட்டையிடமா என்பதைத் தெளிவாகச் சுட்டாத தொடரைக் கலைச்சொல்லாக ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இங்கே பிரித்தறிய வேண்டியவை மூன்று. முதலாவது செயல்: 21 நாள் முட்டைமேல் அமர்ந்து, உடற்சூடு கொடுத்து, முட்டையை அவ்வப்போது புரட்டிப் பொரிக்கச் செய்வது. இதற்கு 'அடைகாப்பு' நிலைபெற்றுவிட்டது. முட்டை பொரிக்கும் மின்பொறி செய்வதும் அதுவே. இரண்டாவது, ஒரு கோழி குறிப்பிட்ட சில வாரங்களுக்கு உட்படும் நிலை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொத்திக்கொண்டு, முட்டையே இல்லாத கூடையிலும் அது நாள்கணக்கில் கிடக்கும். மூன்றாவது, அந்த நிலைக்கு உட்படும் இயல்பு ஓர் இனத்தின் வழிவழியாக மிகுந்தோ குன்றியோ வருவது. கோழியினங்களை ஒப்பிடும் கட்டுரைகளில் 'புரூடினஸ்' என்று பெரும்பாலும் சுட்டப்படுவது இந்த மூன்றாவதுதான்.

இனத்துக்கு இனம் இந்த இயல்பு எவ்வளவு மாறுகிறது என்பதைக் கண்டால் தனிச்சொல்லின் தேவை விளங்கும். நம் சிறுவிடையும் அசிலும் ஓர் ஈட்டு முட்டையை இட்டு முடித்ததும் தாமே கிடந்துவிடும். சீனத்திலிருந்து பரவிய சில்க்கி, வாத்து முட்டையை வைத்தாலும் விடாமல் கிடக்கும். வெள்ளை லெகார்னோ பெரும்பாலும் கிடப்பதே இல்லை. மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத் நாட்டினமாக இருந்தும் அடையில் நிலைப்பது குறைவு என்பதால், 'நாட்டுக்கோழி என்றால் அடை கிடக்கும்' என்று பொதுப்படச் சொல்லிவிடவும் முடியாது.

இதன் வேர் உடலின் சுரப்புகளில் இருக்கிறது. இறகு உதிர்ந்த அடிவயிற்றில் முட்டை படும் உணர்வு மூளைக்குச் செல்ல, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின் என்ற இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் சினைப்பை சுருங்கி முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை வேண்டிய பண்ணைக்கு அந்த ஓய்வு இழப்பாகும். பொரிப்பதைப் பொறி ஏற்றுக்கொண்ட பின்னர், கிடக்கும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவந்ததால் பண்ணை முட்டைக்கோழிகளில் இவ்வியல்பு குன்றியது. மரபியல் ஆய்வாளர்களான புன்னெட்டும் பெய்லியும் முட்டையோட்டின் நிறத்தோடு இவ்வியல்பையும் சேர்த்து, இரண்டும் மரபில் இறங்கும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டது 1920இல். ஆக, நூறாண்டுக்கு மேலாக மரபியலில் பேசப்படும் பண்பு ஒன்றுக்கு நம்மிடம் இன்னும் ஒரு பெயர்ச்சொல் அமையவில்லை.

இவ்வியல்புக்கு முன்மொழியப்பட்ட சொற்களில் 'அடைமை' சுருக்கமானது. ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது 'அடிமை' என்றே படும். 'அடைவெறி' கோழியை நோயாளியாக்குகிறது. 'தாய்க்குணம்' வளர்ப்போர் வாயில் உள்ள நல்ல சொல்லே எனினும், பொரித்த பிறகு குஞ்சைக் காப்பதையும் அது உள்ளடக்குகிறது. 21 நாளும் அசையாமல் கிடந்துவிட்டு, பொரித்த குஞ்சைக் கொத்தும் கோழியும் உண்டு.

எனவே இனத்தின் இயல்புக்கு 'அடைக்குணம்' என்பதை முன்வைக்கிறேன். 'குணம்' நோய் தீர்வதையும் குறிக்குமே என்ற தடை நியாயமானது. ஆயினும் 'தாய்க்குணம்', 'போர்க்குணம்' போன்ற சொற்களில் யாரும் தடுமாறுவதில்லை. வடசொல் வேண்டாம் என்போர் 'அடையியல்பு' என்று எழுதினால் அதையும் மறுக்க மாட்டேன். கோழி உட்படும் நிலைக்கு 'அடைக்கிடை' என்பது என் பரிந்துரை. 'கோழி அடை கிடக்குது' என்று மக்கள் பேசுவதிலிருந்து, 'நோய்க்கிடை', 'பாய்க்கிடை' போல அது இயல்பாகவே பிறக்கிறது. தண்ணீரில் முக்கியோ, மூக்கில் இறகு செருகியோ அந்நிலையிலிருந்து கோழியை மீட்பதை வீட்டில் 'அடை தெளியவைத்தல்' என்பார்கள். இறகு செருகுவது கோழியை வதைப்பது, அதை விட்டுவிடுவதே நல்லது. ஆனால் 'அடை தெளிதல்' என்ற சொல்லை அப்படியே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஏற்றால் அந்தத் தாளில் இப்படி எழுதலாம்: 'இவ்வினத்துக்கு அடைக்குணம் இல்லை, கருவுள்ள முட்டைகளை அடைக்கிடையில் உள்ள வேறு கோழிக்கோ பொறிக்கோ வைத்துப் பொரிக்கலாம்.'

கொங்குப் பகுதியில் 'அவயத்துக்கு வைத்தல்' என்பதையும், ஈழத்தில் 'அடைக்கு வைத்தல்' என்பதையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் மனிதர் செய்யும் செயலையே குறிப்பதால் மேலே சேர்க்கவில்லை. அடை தெளிந்த கோழி மறுபடி முட்டையிடத் தொடங்கும் வரையுள்ள இடைவெளிக்கு உங்கள் ஊரில் தனிச்சொல் வழங்கினால் தெரிவியுங்கள். அதற்கு நான் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.