காது டெஸ்ட் எடுத்தவர்கள் வாருங்கள்: உள்ளே உங்களுக்கு என்ன நடந்தது?

நெட்டைப்பனை:

டிவி சத்தத்தை வைத்து வீட்டில் நடந்த சண்டைகளின் முடிவில் ஒருவழியாகக் காது டெஸ்ட் எடுத்துவிட்டேன். போகும் முன் தேடிப் படித்த இடத்தில் எல்லாம் "வலிக்காது, பயப்படாதீர்கள்" என்றே இருந்தது. வலிக்கவில்லைதான். ஆனால் எனக்குத் தெரியவேண்டியிருந்தது, உள்ளே உட்கார்ந்தபின் நான் என்ன செய்யவேண்டும் என்பது. அதை எழுதி வைக்கிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

முதலில் கேள்விகள். எந்தக் காது, எப்போதிலிருந்து, இரைச்சல் உண்டா, தலைசுற்றல் உண்டா, சத்தமான இடத்தில் வேலையா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா. இதுவரை எடுத்த மருந்துகளைக் கேட்டதுதான் எனக்குப் புதிது. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற சில ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் உட்காதைப் பாதிக்கக்கூடியவை. பழைய மருந்துச் சீட்டு கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

பிறகு காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். அடுத்து ட்யூனிங் ஃபோர்க், தட்டினால் ஒலிக்கும் இரும்புக் கவை. தட்டிவிட்டு ஒருமுறை காதருகே, ஒருமுறை காதின் பின்னெலும்பில், ஒருமுறை நெற்றி நடுவில். "எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறது?" என்றார் டாக்டர். நடுவில் வைத்தால் நடுவில்தானே கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். குரும்பி (காது அழுக்கு), நீர் போல ஏதாவது ஒரு காதை அடைத்திருந்தால் ஒலி அந்தக் காதுப் பக்கமே போகும். நரம்புப் பக்கம் கோளாறு என்றால் நல்ல காதுக்கு ஓடும். இவ்வளவு விஷயத்தையும் ஒரு சின்ன இரும்புக் கவை சொல்லிவிடுகிறது.

அப்புறம்தான் அந்த அறை. கனமான கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அத்தனையும் நின்றுபோனது. எச்சில் விழுங்குவதே பெரிதாகக் கேட்டது. ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கையில் ஒரு பட்டன். "எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க, கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க." மொத்த விதியும் இவ்வளவுதான்.

நன்றாகக் கேட்கும் காதில் 1000 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு கீச்சானது என்பதன் அளவு) ஒலியோடு தொடங்கினார்கள். அழுத்தினால் சத்தம் 10 டெசிபல் குறைகிறது. மறுபடி அழுத்தினால் இன்னும் 10. கேட்காமல் போனதும் ஐந்தைந்தாக ஏற்றுகிறார்கள். இப்படி இறங்கி ஏறி, பாதித் தடவையாவது கேட்கிற மிகக் குறைந்த அளவைப் பிடித்துக் குறித்துக்கொள்கிறார்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை இதே கதை, இரண்டு காதுக்கும். ஆக, சோதனையின் பெரும்பகுதி உங்கள் கேட்கும் எல்லையில்தான் நடக்கும். எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் "கேட்டதா, இல்லை நினைப்பா?" என்ற குழப்பம் வந்தே தீரும். அது வந்தால் சோதனை சரியாக நடக்கிறது என்று பொருள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் உள்ளே அவ்வளவு வியர்த்திருக்காது.

இன்னொன்று: தாளம் பிடித்து அழுத்தலாம் என்று பார்க்காதீர்கள். இடைவெளியை வேண்டுமென்றே மாற்றி மாற்றி விடுகிறார்கள்.

கடைசியாக ஹெட்போனைக் கழற்றி, காதின் பின்னெலும்பில் அதிர்கிற சின்னப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதைப் பிடித்திருக்கும் பட்டை கொஞ்சம் இறுக்கும். மற்றக் காதில் உஷ்ஷ் என்று ஒரு இரைச்சலைப் போட்டார்கள். அந்தக் காது பதில் சொல்லிவிடக் கூடாதாம். இரைச்சலுக்கு அழுத்தக் கூடாது, அதற்கு நடுவில் வரும் ஒலிக்கு மட்டும்.

எனக்கு வந்த முடிவு: தாழ்ந்த சுருதி ஒலிகள் சரி, 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவு.

குட்டிச்சுவர்:

நான் அந்த அறை வரைக்கும் போகவே இல்லை பாஸ். விளக்கடிச்சுப் பார்த்தவர், "உள்ள செவிப்பறையே தெரியல, முதல்ல குரும்பியை எடுக்கணும்"னு சொல்லிட்டார். சொட்டு மருந்து கொடுத்து ஊறவைக்கச் சொல்லி, திரும்ப வரச்சொன்னார். எல்லாம் காது குடையுற பட்ஸோட கைங்கரியம். அது வெளிய எடுக்கிறதை விட உள்ள தள்றதுதான் அதிகமாம். குரும்பி எடுத்த அன்னைக்கு ஃபேன் ஓடுற சத்தம் கேட்டு மேல நிமிர்ந்து பார்த்தேன்.

அதுக்கப்புறம் எடுத்த டெஸ்ட்ல எல்லாம் நார்மல். சொல்ல வேற எதுவும் இல்லை.

மிக்ஸர்மணி:

மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். காதுக்குள் எப்போதும் ஒரு 'ஙீ' ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எனக்கு இந்தச் சோதனை வேறு மாதிரிப் போனது. 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் மெஷின் ஒலி எது, என் காது போடும் ஒலி எது என்று பிரிக்க முடியவில்லை. கையைத் தூக்கிச் சொல்லிவிட்டேன். உடனே சோதிப்பவர் நீளமாக வந்த ஒலியை விட்டு விட்டு ஒலிக்கும்படி மாற்றினார். என் இரைச்சல் தொடர்ச்சியானது, இது துண்டு துண்டாக வருவது. பிரித்து அழுத்த முடிந்தது. இரைச்சல் உள்ளவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

முதல் நாள் இரவு கச்சேரி வேலை பார்த்துவிட்டுப் போனால் முடிவு மோசமாகவே வரும். பெரிய சத்தத்துக்குப் பிறகு காது சில மணி நேரம் மந்தமாகும், பிறகு ஓரளவு மீளும். அதனால் சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரமாவது சத்தத்தை விட்டு விலகி இருக்கச் சொல்வார்கள். பட்டறை, ஆலை வேலைக்காரர்களுக்கும் இதேதான். வேலை முடிந்து நேராகப் போய் உட்காராதீர்கள்.

சோதனை முடிவாக வந்த என் வரைபடத்தில் எல்லாம் நேராகப் போய் 4000-ல் மட்டும் ஒரு பள்ளம், 8000-ல் மறுபடி மேலே. பார்த்த உடனே "சத்தத்தில் வேலையா?" என்றார். நான் அதுவரை தொழிலைச் சொல்லவே இல்லை.

செவிச்செல்வி:

நான் சோதனை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருகிற ஆள். ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். நெட்டைப்பனை சார் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை, கொஞ்சம் சேர்க்கிறேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனை சதவீதம் போயிருக்கு?" அந்த வரைபடம் சதவீதத்தில் பேசாது. இடமிருந்து வலமாகத் தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை. மேலிருந்து கீழாக டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்க அதிக சத்தம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. 0 டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்பதல்ல. ஆரோக்கியமான இளைஞர்களின் காது சராசரியாகப் பிடிக்கிற மிக மெல்லிய அளவு அது. அதற்கும் கீழே, மைனஸ் 10 வரை கேட்பவர்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட பிரிவின்படி 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு, 20 முதல் 35 வரை லேசானது, 35 முதல் 50 வரை மிதமானது, இப்படிப் போகும். பழைய பிரிவில் இயல்பின் எல்லை 25 வரை இருந்தது. இன்னும் அதையே பின்பற்றும் இடங்களும் இருப்பதால், ஒரே வரைபடத்தை ஒருவர் "நார்மல்" என்றும் இன்னொருவர் "லேசான குறைபாடு" என்றும் எழுதலாம். பதறாதீர்கள். பெயரை விட எண்ணைப் பாருங்கள். போன முறையைவிட 5 டெசிபல் கூடக்குறைய இருந்தால் அதையும் பெரிதாக எடுக்கவேண்டாம், ஒரே காதை மறுநாள் சோதித்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும்.

நான் முதலில் பார்ப்பது ஹெட்போன் கோட்டுக்கும் எலும்புக் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை. எலும்பு வழி நன்றாகக் கேட்டு, காற்று வழி (ஹெட்போனில்) மட்டும் குறைந்தால் சிக்கல் வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. பல நேரம் மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ சரியாகும். இரண்டும் ஒன்றாகவே இறங்கினால் உட்காது அல்லது நரம்பு.

நெட்டைப்பனை சாருக்கு இருப்பது வயதோடு வருகிற சரிவாகத் தெரிகிறது. உயிரெழுத்துகளின் வலு தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. ச, த, ஸ போன்றவை மேலே இருக்கின்றன, அவை மெல்லியவையும்கூட. அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது நழுவும். டிவியைக் கூட்டினால் உயிரெழுத்துதான் கத்தும். வீட்டில் சண்டை தீராததற்குக் காரணம் அதுதான் சார்.

கனிமொழியாள்:

அப்பாவைக் கூட்டிப்போன அனுபவம். அவருக்கு ஒலிச் சோதனை முடிந்ததும் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். முதலில் ஈரசைச் சொற்கள், குரலைக் குறைத்துக்கொண்டே போனார்கள். பிறகு வசதியான சத்தத்தில் ஒரு பட்டியல், எத்தனை சரி என்று கணக்கு. செவிச்செல்வி அக்கா இல்லை என்று சொன்ன சதவீதம் இங்கேதான் வருகிறது. அப்பா புரியாத சொல்லுக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டார், தப்பாகச் சொன்னால் மானக்கேடு என்று. காதில் விழுந்ததை அப்படியே சொல்லவேண்டும், அர்த்தமில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. தப்பும் அவர்களுக்குத் தகவல்தான்.

கூட வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கேள்விக்கெல்லாம் நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் எப்படிச் சமாளிக்கிறார், உதட்டைப் பார்க்கிறாரா என்பதையும் அங்கே கவனிக்கிறார்கள்.

தொட்டில்பாட்டு:

எனக்கு அல்ல, பிறந்து இரண்டாம் நாள் என் மகளுக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்தார்கள், சில நிமிடங்களில் முடிந்தது. ஓ.ஏ.ஈ என்று பெயர். காதுக்குள் டிக் டிக் ஒலி அனுப்பினால் உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் பதிலுக்கு மிக மெல்லிய ஒலி எழுப்புமாம். முனையிலுள்ள மைக் அதைப் பிடிக்கிறது. காதே ஒலி எழுப்பும் என்பதை 1978-ல் டேவிட் கெம்ப் என்பவர் அளந்து காட்டினார் என்று பின்னால் படித்தேன்.

இடது காதில் பதில் வரவில்லை. "மறுபடி பார்க்கவேண்டும்" என்று எழுதிய அந்தச் சீட்டு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும், பிறந்த குழந்தையின் உடலில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் இருந்தாலே அப்படி வரும் என்று அப்போது யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. சில வாரம் கழித்து பெரா டெஸ்ட். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகள், காதில் ஒலி, மூளைக்குப் போகும் வழியில் நரம்பின் பதிலைக் கம்ப்யூட்டர் அலையலையாக வரைகிறது. குழந்தை அசையாமல் தூங்கவேண்டும், அதுதான் கஷ்டம். வழியில் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போய், அங்கே போனதும் பாலைக் கொடுத்துத் தூங்கவைத்தேன். ஒரு மணி நேரம் வரை ஆகலாம், மாற்றுத்துணியோடு போங்கள். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது.

முதல் சோதனை 1 மாதத்துக்குள், உறுதி செய்வது 3 மாதத்துக்குள், குறை இருந்தால் உதவி தொடங்குவது 6 மாதத்துக்குள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்த குழந்தை என்றால் ஓ.ஏ.ஈ மட்டும் போதாது, பெராவும் கேளுங்கள். மயிரணு சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் முதல் சோதனை பாஸ் என்றே காட்டும்.

பம்பரக்கண்ணன்:

என் பையனுக்கு மூணு வயசு. ஒலி கேட்டா ஒரு கட்டையை எடுத்துக் கூடையில போடணும். முதல்ல அவனைப் பழக்கிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அவனுக்கு அது டெஸ்டுன்னே தெரியாது. கடைசியில கூடையை விட்டுட்டு வரமாட்டேன்னு அழுகை.

அவனுக்கு அடிக்கடி சளி, கூப்பிட்டா திரும்பமாட்டான். காதை ரப்பர் முனையால அடைச்சு உள்ளே காற்றழுத்தத்தை ஏத்தி இறக்கினாங்க, விமானம் இறங்கும்போது அடைக்கிற மாதிரி இருக்குமாம். செவிப்பறை சரியா அசைஞ்சா கோடு மலை மாதிரி எழும்பும். அவனுக்குத் தட்டையா வந்துச்சு. செவிப்பறைக்குப் பின்னாடி நீர். பையன் சொல்பேச்சு கேட்காதவன்னு திட்டின வீட்டுக்காரங்க எல்லாரும் இப்ப அமைதி.

ஒற்றைக்காதன்:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் நாள் குறித்துப் போனவர்கள். நான் ஓடினேன். காலையில் எழுந்தால் வலது காது செத்துக்கிடக்கிறது. போனை அந்தக் காதில் வைத்தால் ஒன்றுமே இல்லை. சளி அடைப்பு என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஈ.என்.டி டாக்டர் நெற்றியில் ஃபோர்க்கை வைத்தார். ஒலி இடது பக்கம், நல்ல காதுக்கு ஓடியது. அந்த நொடியில் அவர் முகம் மாறியது. அன்றைக்கே ஆடியோகிராம் (மேலே சொன்ன வரைபடம்), அன்றைக்கே ஸ்டீராய்டு மாத்திரை.

3 நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று ஹெர்ட்ஸ் அளவுகளில் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைத் திடீர்ச் செவியிழப்பு என்கிறார்கள். மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். மாத்திரைக்குப் பிறகு செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசியும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் போனதால் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ எடுத்தார்கள், இல்லை. தாழ்ந்த ஒலிகள் பெருமளவு திரும்பின, மேலே உள்ளவை வரவில்லை.

நெட்டைப்பனை:

ஒற்றைக்காதன் சொன்னதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. இரண்டு காதும் லேசாக அடைத்து, மூக்கு ஒழுகும்போது சோதனைக்குப் போகலாமா? என் தங்கைக்கு அடுத்த வாரம் குறித்திருக்கிறார்கள்.

செவிச்செல்வி:

சளியோடு எடுத்தால் நடுக்காதின் அடைப்பும் சேர்ந்து கோட்டை இறக்கிவிடும் சார். முன்பே போனில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் தேதியை மாற்றித் தருவார்கள். ஆனால் ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் போயிருந்தால் சளியென்று காத்திருக்கவேண்டாம், அன்றே வரச் சொல்லுங்கள்.