மோர் ஊற்றியும் மஞ்சள்தான்

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

அக்டோபர், முதல் ஞாயிறு

தாம்பரம் சித்தி, காலை 7:10
[படம்]
கறிவேப்பிலையைக் கொஞ்சம் பாருங்கள். துளிர் எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். இரண்டு மாதமாக இந்த லட்சணம்தான். பக்கத்தில் குண்டுமல்லிக்கும் அதே கதி, மொட்டே வைக்கவில்லை.

பாளை அத்தை, 7:13
மோர் ஊற்றினாயா?

தாம்பரம் சித்தி, 7:13
வாரம் தவறாமல் ஊற்றுகிறேன் மதினி. எறும்புதான் வருகிறது.

சித்தப்பா, 7:15
நான் கேட்டால் மோர் தீர்ந்துவிட்டது என்பாள். செடிக்கு மட்டும் உண்டு.

பாளை அத்தை, 7:16
அப்படியென்றால் அடுப்புச் சாம்பல் ஒரு கை போடு. முட்டை ஓட்டையும் நொறுக்கிப் போடு. என் செடி அதில்தான் மதமதவென்று நிற்கிறது.

பெரியப்பா, 7:20
[படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

கவிதா அக்கா, 8:02
சித்தி, சாம்பல் போட்டுவிடாதீர்கள்! முட்டை ஓடும் வேண்டாம். இப்போதுதான் பார்த்தேன். இரண்டுமே காரம், அமிலத்துக்கு எதிர். அடி இலை எப்படி இருக்கிறது? ஒரு படம் போடுங்கள்.

தாம்பரம் சித்தி, 8:09
[படம்]
அடி இலை கரும்பச்சையாகத்தான் இருக்கிறது.

கவிதா அக்கா, 8:14
நினைத்தேன். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும். இரும்புச் சத்தை அப்படி இடம் மாற்ற அதனால் முடியாது. அதனால் துளிர் பட்டினி கிடக்கிறது. தொட்டியில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறிவிட்டால் இரும்பு கரையாமல் துருவாக உட்கார்ந்துவிடும். வேர் பக்கத்திலேயே இருக்கும், குடிக்க முடியாது.

நான், 8:16
7 நடுநிலை, மேலே போனால் காரம், கீழே வந்தால் அமிலம், அதுதானே?

கவிதா அக்கா, 8:17
அதேதான். ஆனால் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு. 7க்கும் 8க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதே. தொட்டிச் செடிகளில் முக்கால்வாசி 6க்கும் 7க்கும் நடுவில்தான் சுகமாக இருக்கும்.

கவிதா அக்கா, 8:18
சித்தி, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

தாம்பரம் சித்தி, 8:21
ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீர்தான். வீணாகக் கூடாதே என்று வாளி வைத்துப் பிடிக்கிறேன். போர் தண்ணீர்தானே உள்ளே போகிறது.

கவிதா அக்கா, 8:21
ஐயோ சித்தி.

சித்தப்பா, 8:22
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தாம்பரம் சித்தி, 8:23
நீக்கினாலும் படித்துவிட்டேன். வாளி வைக்கச் சொன்னதே நீங்கள்தான்.

கவிதா அக்கா, 8:30
சண்டை வேண்டாம், நிறைய வீட்டில் நடப்பதுதான். கீசருக்குள்ளும் பாத்ரூம் குழாய் வாயிலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அதைச் செய்வது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்கிற காரப் பொருள். ஆர்.ஓ. மெஷின் உங்களுக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, உப்பையும் பைகார்பனேட்டையும் மிச்சத் தண்ணீரில் திரட்டி வெளியே தள்ளுகிறது. அந்தத் திரட்டைத் தினமும் செடிக்கு ஊற்றியிருக்கிறீர்கள். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

பாளை அத்தை, 8:41
அப்படியென்றால் எங்கள் அம்மா காலத்திலிருந்து மோர் ஊற்றினோமே, அது பொய்யா? சாம்பல் போட்ட என் செடி எப்படி நிற்கிறது?

கவிதா அக்கா, 8:50
பொய் இல்லை அத்தை. உங்களுடையது தரையில், செம்மண்ணில் நிற்கிற மரம். ஊற்றுவது தாமிரபரணித் தண்ணீர். அங்கே ஒரு கை சாம்பல் ஒன்றும் செய்யாது. புளித்த மோரில் இருப்பது லேசான அமிலம். அதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். எலுமிச்சை பிழிந்தாலும் வினிகர் ஊற்றினாலும் இதே கதைதான். வாரத்துக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றி, தினமும் ஒரு வாளிக் காரம் ஊற்றினால் யார் ஜெயிப்பார்கள்?

பாளை அத்தை, 8:51
சரி சரி.

சித்தப்பா, 9:05
பேட்டரிக் கடையில் ஆசிட் கிடைக்கும். நாலு சொட்டு தண்ணீரில் விட்டால் ஒரே நாளில் இறங்கிவிடாதா?

கவிதா அக்கா, 9:06
வேண்டவே வேண்டாம் சித்தப்பா. அது கந்தக அமிலம், கண்ணில் பட்டால் பார்வை போகும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்தது என்றால் ஈயமும் சேர்ந்து வரும். கறிவேப்பிலை நாம் தின்கிற இலை.

தாம்பரம் சித்தி, 9:07
இவர் கையில் பாட்டில் எதுவும் கொடுப்பதில்லை, கவலைப்படாதே.

கவின், 9:15
கவிதாக்கா, நான் டெஸ்ட் பண்ணவா? சங்குப்பூ ஊறவைத்த தண்ணீரில் எலுமிச்சை விட்டால் ஊதா, சோப்புத்தூள் போட்டால் பச்சை. ஸ்கூலில் காட்டினார்கள்.

கவிதா அக்கா, 9:19
பண்ணு, ஆனால் 7க்கும் 8க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. மீன்தொட்டிக் கடையில் பி.எச். பார்க்கிற சொட்டு கிடைக்கும், வாங்கிக்கொள். இரண்டு கம்பி குத்துகிற மலிவு மீட்டர் வேண்டாம், அது ஆளுக்கு ஒன்று சொல்லும். இன்னொன்று: காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து அதில் வினிகர் விட்டுப் பார். காதைப் பக்கத்தில் வை.

கவின், 11:40
அக்கா!! நுரைக்கிறது. சோடா மாதிரி சத்தம். ஒரு வெள்ளைக் கட்டி மேலே விட்டதும் பொங்கிவிட்டது.

கவிதா அக்கா, 11:44
சித்தி, இந்த மண் எங்கிருந்து வந்தது?

தாம்பரம் சித்தி, 11:52
எதிர் வீட்டில் அஸ்திவாரம் தோண்டியபோது அள்ளியது. சும்மா கிடைத்ததே என்று.

கவிதா அக்கா, 11:55
சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த மண். கவின் கேட்டது அதன் சத்தம்தான். கொஞ்சம் மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தொட்டியின் மேல் மண் மட்டும் வேண்டாம், ஒரு சாண் ஆழத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.

கவின், மாலை 6:10
[படம்]
சொட்டு வாங்கிவிட்டோம். ஆர்.ஓ. கழிவு கரும்நீலம், அட்டையில் கடைசிக் கட்டம். ஏசி தண்ணீர் இளம்பச்சை.

கவிதா அக்கா, 6:15
பார்த்தாயா, ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம்தான், உப்பே கிடையாது. அந்தக் குழாயை வாளிக்குத் திருப்புங்கள். மழையும் வரப்போகிறது, டிரம் இருந்தால் திறந்து வையுங்கள்.

சித்தப்பா, 6:16
செடிக்காக இன்றைக்கு இரவு முழுக்க ஏசி ஓடும்.

இரண்டு வாரம் கழித்து

தாம்பரம் சித்தி, காலை 10:20
ரிப்போர்ட் வந்துவிட்டது. பி.எச். 8.3. மோசமா?

கவிதா அக்கா, 10:31
நல்லவேளை. சுண்ணாம்பு மண் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கும். 8.5ஐத் தாண்டியிருந்தால் சோடியம் ஏறிய களர் என்று சந்தேகப்பட வேண்டும், அதற்கு ஜிப்சம். உங்களுக்கு ஜிப்சம் வேண்டாம், யாராவது சொன்னாலும் போடாதீர்கள். இந்த மண்ணில் அது பி.எச்.ஐ இறக்காது.

பெரியப்பா, 10:35
கந்தகம் போட்டால் இறங்கும் என்று கேள்விப்பட்டேன்.

கவிதா அக்கா, 10:48
சரிதான் பெரியப்பா. ஆனால் போட்டதும் இறங்காது. மண்ணில் ஒரு வகைப் பாக்டீரியா அந்தத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக்க வேண்டும். ஈரமும் சூடும் வேண்டும், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதிலும் சுண்ணாம்பு கலந்த மண்ணில் அந்த அமிலம் கட்டியைக் கரைப்பதிலேயே செலவாகிவிடும்.

கவிதா அக்கா, 10:56
அதனால் சித்தி, குண்டுமல்லியை இந்த மண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். செம்மண், மக்கிய தொழு உரம், கழுவிய தென்னை நார்க்கழிவு சேர்த்துப் புதுத் தொட்டி. கறிவேப்பிலை பெரிய டிரம்மில் வேர் விட்டு நிற்கிறது, அதைப் பிடுங்க வேண்டாம். மேலே நாலு விரல் மண்ணைச் சுரண்டி எடுத்து மாற்றுங்கள், கந்தகத் தூள் இரண்டு டீஸ்பூன் கிளறிவிடுங்கள், மழைத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மாதம் மண்ணில் வேறு எதுவும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம்.

தாம்பரம் சித்தி, 10:58
வெண்டைக்கும் போடவா? அதுவும் லேசாக வெளிறுகிறது.

கவிதா அக்கா, 11:02
அதற்கு வேண்டாம். வெண்டை நட்டு நாற்பது நாளில் பூத்து, மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிற செடி. கந்தகம் வேலையைத் தொடங்குவதற்குள் அதன் ஆயுசு போய்விடும். அவசரச் செடிக்கு இலை வழி கொடுப்பதுதான் வழி. உரக்கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், வாங்குங்கள். இளம்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் துருப்பிடித்துவிட்டது, வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 1 கிராம். அந்தத் தண்ணீரும் ஏசி தண்ணீராகவே இருக்கட்டும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் தெளியுங்கள். மல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் இதையே மாதம் ஒரு முறை. கறிவேப்பிலையைத் தெளித்த வாரம் பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

சித்தப்பா, 11:04
மண்ணிலேயே அதைக் கொட்டினால் என்ன?

கவிதா அக்கா, 11:05
கொட்டலாம், கொஞ்ச நாளில் அதுவும் துருவாகி உட்கார்ந்துவிடும். 8.3இல் காசைத்தான் கொட்டுவீர்கள்.

நவம்பர், இரண்டாவது வாரம்

தாம்பரம் சித்தி, காலை 7:02
[படம்]
இது என்ன? மஞ்சள் இலையில் பச்சைப் புள்ளி புள்ளியாக, யாரோ மை தெளித்த மாதிரி. நோயா?

கவிதா அக்கா, 7:20
நோய் இல்லை சித்தி! மருந்துத் துளி விழுந்த இடமெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது. இரும்புதான் குறை என்று இலையே எழுதிக் காட்டுகிறது. அடுத்த முறை இன்னும் நைஸாகத் தெளியுங்கள். அதோ நுனியில் இரண்டு துளிர், அது முழுசாகவே பச்சை.

தாம்பரம் சித்தி, 7:22
ஆமாம்! கவனிக்கவே இல்லை. ஆனால் பால்கனி டைல்ஸ் முழுக்கத் துருக் கறை. தேய்த்தும் போகவில்லை.

சித்தப்பா, 7:23
அதற்கும் ஏதாவது ஆசிட்

தாம்பரம் சித்தி, 7:23
பேசாமல் இருங்கள்.

கவிதா அக்கா, 7:26
மிச்சம் இருக்கிற எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கறை மேல் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் தேயுங்கள். மார்பிள் என்றால் வேண்டாம், அரித்துவிடும்.

பாளை அத்தை, 7:40
கவிதா, என் இட்லிப்பூச் செடியிலும் துளிர் மஞ்சளாகத் தெரிகிறது. தொட்டியில் வைத்தது. படம் அனுப்பவா?

கவிதா அக்கா, 7:41
அனுப்புங்கள் அத்தை. அதற்கும் சாம்பல் போட்டீர்களா?

பாளை அத்தை, 7:49
கொஞ்சம்தான்.