ஜிம்னி வாங்கப் போகிறேன்: ஓட்டோவா, மெனுவலா?

மடுல்சீமை மருமகன் எழுதியது:

வணக்கம். ஒரு மாதமாக இதே யோசனைதான், இனி உங்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று வந்தேன். முதலில் ஒன்று: இங்கே ஓட்டோ என்று நான் எழுதுவதெல்லாம் ஓட்டோ கியரை, த்ரீவீலை அல்ல. போன கிழமை வீட்டில் "ஓட்டோ ஒன்று எடுக்கப் போகிறேன்" என்று சொல்ல, அம்மா "ஏன் தம்பி, வேலை போய்விட்டதா?" என்று கேட்டுவிட்டார்.

வெள்ளவத்தையில் இருக்கிறோம், எனக்கு வேலை கோட்டையில். பார்த்து வைத்திருப்பது இரண்டு ஜேபி74 ஜிம்னி, அதாவது சுசுகியின் சின்ன ஃபோர்வீல் ஜீப்பின் புது மொடல். இரண்டும் 2019, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. கல்கிசையில் இருப்பது 5 கியர் மெனுவல், நுகேகொடையில் இருப்பது 4 கியர் ஓட்டோ. 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனத்துக்கு ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியால் பெரிதாக இறங்கவில்லை, அதனால் இந்தக் காசைப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே தரம்தான், சரியாக எடுக்க வேண்டும்.

ஓட்டம் இப்படி: கிழமை நாளில் காலி வீதி, இல்லாவிட்டால் மரைன் டிரைவ், இரண்டிலும் ஊர்வதுதான். மாதம் ஒருமுறை மாமா வீடு, பசறை தாண்டி மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில். தெற்கு அதிவேகப் பாதையில் ஹம்பாந்தோட்டை வரை போய், வெல்லவாய, எல்ல வழியாக ஏறுகிறோம். கடைசி ஆறு கிலோமீற்றர் தோட்டத்து ரோடு, தார் போய்க் கல் மட்டும் மிச்சம், மழை பெய்தால் கல்லுக்கு மேல் சேறு. இதுவரை காரைக் கீழே விட்டுவிட்டு மாமாவின் டிரக்டரில்தான் ஏறினோம். வருடத்தில் ஒன்றிரண்டு தரம் வில்பத்துக் காடு, கற்பிட்டிக் கடற்கரை. மனைவியும் ஓட்டுவார், அவர் பழகியதே ஓட்டோ காரில்.

கூட்டாளிமார் எல்லாரும் "காட்டுக்குப் போகிற ஜீப்பில் ஓட்டோவா, வெட்கமில்லையா" என்கிறார்கள். அவர்களில் ஒருவனிடம்கூட ஜீப் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். உண்மையில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.


சேற்றில் புதைந்தவன் எழுதியது:

தம்பி, ஓட்டோவை எடுங்கள். ஏன் என்று சொல்ல என் மானத்தைத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு முதலில் இருந்தது பழைய மொடல் ஜிம்னி, ஜேபி43 மெனுவல். நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கிற மீமுரேக்குப் போனோம். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி லூல்வத்தை வழியாகப் போகிற பாதை தெரியும்தானே, எதிரே ஒன்று வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் போக வேண்டும். திரும்பி ஏறி வரும்போது முன்னால் மூட்டை ஏற்றிய ஒரு சின்ன லொறி. அது பத்தடி போகும், நிற்கும், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் பத்தடி. நானும் பின்னால் அரைக் கிளச்சில் தொங்கிக்கொண்டே வந்தேன். லோ ரேஞ்சில், அதாவது விசையைக் கூட்டி வண்டியை மெதுவாக ஊர வைக்கிற ஃபோர்வீல் கியரில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை, இது ரோடுதானே என்ற நினைப்பு. கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் மணம். லொறியின் பிரேக் என்று நினைத்து, அந்த மனிதனைப் பற்றி வண்டிக்குள் இருந்தபடியே நிறையச் சொன்னேன். அடுத்த வளைவில் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மணம் என்னுடையது.

அன்றிரவு ஹுன்னஸ்கிரியவில் தங்கி, மச்சான் பஞ்சிகாவத்தையில் கிளச் பிளேட் வாங்கி மறுநாள் பஸ்ஸில் கொண்டுவந்து, அதைப் போட்டு... சரி விடுங்கள். பிழை என்னுடையது, மெனுவலை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஓட்டோவில் இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் தேய்கிற தட்டு இல்லை, டோர்க் கன்வேர்ட்டர் என்ற உருண்டைக்குள் ஒயில்தான் சுழன்று விசையைக் கடத்துகிறது. ஏற்றத்தில் நின்று நின்று போனால் அந்த ஒயில் சூடாகும், அப்போது நிறுத்தி ஆறவிட்டுப் போகலாம். கருகின கிளச் பிளேட் ஆறவிட்டாலும் திரும்பி வராது.

இப்போது ஓட்டோ ஜேபி74 வைத்திருக்கிறேன். கல் ரோட்டில் இடது காலை லேசாகப் பிரேக்கில் வைத்துக்கொண்டு வலது காலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் டயர் ஒவ்வொரு கல்லையும் தடவிக்கொண்டு ஏறும், ஸ்டியரிங்கை மட்டும் கவனித்தால் போதும். இரண்டு காலில் மூன்று மிதியைச் சமாளிக்கிற வேலை இல்லை.


4டிஆர்5 தாத்தா எழுதியது:

மேலே எழுதினவர் கிளச்சைக் கருக்கிவிட்டு கியர்பொக்ஸை மாற்றிவிட்டார். நல்லது.

நான் ஓட்டுவது மிட்சுபிஷி ஜீப், 4டிஆர்5 டீசல், 2,659 சிசி. பவர் ஸ்டியரிங் இல்லை, ஏசி இல்லை, ஓட்டோ என்ற சொல்லே அதற்குத் தெரியாது. ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறீர்கள். மலையில் ஆளைக் கொல்வது ஏற்றம் அல்ல, இறக்கம். மெனுவலை லோவில், முதல் கியரில் போட்டு இரண்டு காலையும் எடுத்துவிட்டால் இஞ்சினே பிடித்துக்கொண்டு இறக்கும். அந்த நேரத்தில் கிளச்சை மட்டும் தொடக்கூடாது, தொட்டால் பிடி விட்டுவிடும், பிறகு வண்டி ஓடுகிற ஓட்டத்தில் பிரேக்கை அழுத்தினால் சேற்றில் டயர் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

இன்னொன்று. ஏற்றத்தில் இஞ்சின் நின்றுவிட்டதா, அப்படியே கியரில் விடு, கிளச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பு. ஸ்டார்ட்டர் மோட்டரே வண்டியை இழுத்துக்கொண்டு இஞ்சினை எழுப்பும், ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. பெரும்பாலான புது மெனுவல்களில் கிளச் மிதித்தால்தான் ஸ்டார்ட் எடுக்கும், அதனால் இந்த வித்தை அங்கே செல்லாது, அது வேறு கதை. பற்றரி செத்தால் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் எடுக்கலாம். ஓட்டோவைத் தள்ளிப் பாருங்கள், பதுளை வரைக்கும் தள்ளலாம், ஸ்டார்ட் எடுக்காது. கியர்பொக்ஸில் ஏதாவது போனால் என்னுடையதை எந்த ஊர் மெக்கானிக் பாஸும் மரத்தடியில் வைத்துக் கழற்றுவார், ஓட்டோ என்றால் லொறியில் ஏற்றிக் கொழும்புக்குத்தான்.

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு இதை ஓட்டுவீர்களா என்று கேட்காதீர்கள். ஓட்டுவதில்லை. இடது முழங்கால் விடாது.


கணக்குப் புலி எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரி. கணக்கைப் போட்டால் ஏன் என்று விளங்கும்.

ஜேபி74இன் மெனுவலில் முதல் கியரின் விகிதம் 4.425, ஓட்டோவில் 2.875. லோ ரேஞ்ச் இரண்டிலும் ஏறத்தாழ 2. பின்னால் டிஃபரென்ஷியல் (சக்கர அச்சில் உள்ள கடைசி கியர்) மெனுவலுக்கு 4.09, ஓட்டோவுக்கு 4.3. மூன்றையும் பெருக்கினால் மெனுவலுக்கு 36, ஓட்டோவுக்கு 25 வரும். சக்கரம் ஒருதரம் சுற்ற இஞ்சின் எத்தனை தரம் சுற்றுகிறது என்பதுதான் இது. ஜிம்னியின் டயர் அளவுக்கு, இஞ்சின் 1,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) ஓடினால் மெனுவல் மணிக்கு மூன்றரை கிலோமீற்றர் அளவில் ஊரும், ஓட்டோ ஐந்தைத் தாண்டும். தாத்தா சொல்கிற இறக்கத்துப் பிடி இதுதான். ஓட்டோவில் நடுவில் இருப்பது ஒயில் என்பதால் இறக்கத்தில் அது இன்னும் கொஞ்சம் நழுவவும் செய்யும். பெரிய கல் உள்ள இறக்கத்தில் மூன்றரைக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

ஏற்றத்தில் கதை மாறும். நின்ற நிலையில் இருந்து கிளம்பும்போது டோர்க் கன்வேர்ட்டர் இஞ்சினின் முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். 25 அப்போது 50 போல வேலை செய்யும். இந்த 1,462 சிசி இஞ்சினில் இருப்பதே 130 நியூட்டன் மீற்றர், அதுவும் 4,000 ஆர்பிஎம்மில்தான் முழுதாக வரும், ஆகவே கீழ் ஆர்பிஎம்மில் அந்த இரட்டிப்பு பெரிய உதவி. மெனுவலில் அதே இடத்தில் கொஞ்சம் அக்சிலேட்டர் குறைந்தால் இஞ்சின் நின்றுவிடும்.

தம்பி அதிவேகப் பாதையால் போகிறேன் என்றதால் இன்னொரு கணக்கும். நூறில் போகும்போது மெனுவல் ஐந்தாம் கியரில் 3,100க்கு மேல் கத்தும், ஓட்டோ நான்காம் கியரில் 2,300 அளவில் ஓடும். கொட்டாவையில் ஏறி ஹம்பாந்தோட்டை வரை அந்தச் சத்தத்தோடு போய்ப் பாருங்கள், காது சொல்லும் எதை எடுப்பதென்று.


லீசிங் கட்டுபவன் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஹொண்டா வெஸல் ஹைபிரிட் ஒன்று இருக்கிறது, ஃபோர்வீல் என்று பின்னால் எழுதியும் இருக்கிறது. அதுவும் ஓட்டோதானே, அதில் மீமுரே போகலாமா?


கணக்குப் புலி எழுதியது:

பாதை காய்ந்திருந்தால் மெதுவாகப் போய் வரலாம், பலர் போகிறார்கள். ஆனால் உங்களுடையதில் டோர்க் கன்வேர்ட்டர் இல்லை. முதல் தலைமுறை வெஸல் ஹைபிரிட்டில் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளச். மிதி இல்லாவிட்டாலும் உள்ளே தேய்வது கிளச்தான், ஏற்றத்தில் ஊர்ந்தால் சூடாகி எச்சரிக்கை காட்டும். சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோ) பொருத்திய எக்ஸ்-ட்ரெயில் போன்றவையும் நீண்ட, மெதுவான ஏற்றத்தில் சூடாகிச் சக்தியைக் குறைத்துவிடும். இவை எதிலும் லோ ரேஞ்ச் கிடையாது. "ஓட்டோ காட்டுக்கு ஆகாது" என்று ஊரில் சொல்கிற கதையில் பாதி இப்படியான வண்டிகளைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்களின் கதை என்பது என் எண்ணம்.


வில்பத்து அக்கா எழுதியது:

தம்பி, கல்லையும் மலையையும் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், மணலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வில்பத்துவில் வெயில் காலத்தில் சில இடங்களில் மணல் மாவு மாதிரி இருக்கும், கற்பிட்டிக் கரையும் அப்படித்தான். அங்கே ஓட்டம் நிற்கக்கூடாது. மெனுவலில் இரண்டில் இருந்து மூன்றுக்கு மாற்றக் கிளச்சை மிதிக்கிற அந்த ஒரு நொடியில் மணல் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், என் தம்பி அப்படி எத்தனை தரம் இறங்கித் தோண்டினான் என்று கணக்கில்லை. நாங்கள் வைத்திருப்பது ஓட்டோ மொன்டேரோ, அது விசையை விடாமல் கியர் மாற்றும், அதனால் ஒரே இழுவையில் போய்விடும். ஆனால் டயரில் காற்றைக் குறைக்காமல் எந்த கியரும் உதவாது. பதினெட்டு பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவோம், தாருக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரும்ப அடிப்போம்.

யானை விஷயமும் இருக்கிறது. ஒருமுறை வளைவு திரும்ப நடு ரோட்டில் தனி யானை, காது விரிந்துவிட்டது. என் கணவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன். பிரேக், ரிவர்ஸ், பின்னால் பார்த்து மெதுவாகப் போனேன். அந்த நேரத்தில் எனக்குக் கை நடுங்கியது. மெனுவலாக இருந்தால் கட்டாயம் இஞ்சினை நிறுத்தியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. மலைப் பாதையில் உங்களுக்கு வயிற்றுவலி வந்தால் வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுவருவது யார்?


மடுல்சீமை மருமகன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அக்கா எழுதின கடைசி வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. சனிக்கிழமை நுகேகொடைக்குப் போகிறோம். ஓட்டோவில் என்ன பார்க்க வேண்டும்? தாத்தா சொன்ன இறக்கம்தான் இன்னும் பயமாக இருக்கிறது, எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது காரிலேயே பிரேக் மணக்கும்.


சேற்றில் புதைந்தவன் எழுதியது:

ஏடிஎஃப், அதாவது ஓட்டோ கியரின் ஒயிலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. கறுத்துக் கருகல் மணம் அடித்தால் யாரோ நன்றாக வேகவைத்திருக்கிறார்கள். பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். "இது ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லாத ஒயில்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, வாங்கியதும் மாற்றுங்கள். எனக்கு அப்படிச் சொல்லி விற்ற வண்டியில் வடித்த ஒயில் கோப்பி மாதிரி வந்தது. லோ ரேஞ்சையும் விற்பவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள், வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சின்ன லீவரை இழுக்க வேண்டும். கொழும்பிலேயே ஓடிய வண்டி என்றால் வருடக்கணக்கில் தொடாமல் இறுகிப்போய் இருக்கும்.

இறக்கத்துக்கு டிரைவில் (டி) வராதீர்கள், அவ்வளவுதான். எல்லவில் ஓவர்டிரைவை (நான்காம் கியரை) நிறுத்தி, தேவைப்பட்டால் 2க்கு வாருங்கள். தோட்டத்து ரோட்டில் ஃபோர் லோ (லோ ரேஞ்ச்), கியர் லீவர் எல் என்ற ஆகக் கீழ் கியரில். அதற்கும் மேல் ஓடினால் பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், காலை அதிலேயே வைத்திருக்காதீர்கள். ஜேபி74இல் இறக்கக் கட்டுப்பாட்டு பொத்தான் இருக்கிறது, அதையும் வீட்டுப் பக்கத்துச் சரிவில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள், முதல் தரம் அது தானாகப் பிரேக் பிடிக்கும்போது போடுகிற சத்தத்தில் வண்டி உடைகிறது என்று நினைப்பீர்கள்.


4டிஆர்5 தாத்தா எழுதியது:

அவர் சொன்னபடி எல்லில் வந்தால் பயமில்லை. ஏறும்போது எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, எங்கள் காலத்தில் லொறிக்காரர்கள் சொல்லித் தந்தது அதுதான், ஓட்டோவுக்கும் பொருந்தும்.

அப்புறம், கல்கிசை மெனுவல் இன்னும் விற்கவில்லை என்றால் அந்த ஆளின் நம்பரை எனக்குத் தனியாக அனுப்பு. பேரனுக்குத்தான்.


மடுல்சீமை மருமகன் எழுதியது:

அனுப்பிவிட்டேன் தாத்தா. பேரனுக்கு எத்தனை வயது?


4டிஆர்5 தாத்தா எழுதியது:

ஒன்பது.