கப்பலில் அறை தெரிவு செய்தபோது உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஹட்டன்காரன்:
சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட். நான்கு இரவு. அப்பா, அம்மா, நான் மூவருக்கும் ஓர் உள்ளறை எடுத்தேன். தூங்குவதற்கு மட்டும்தானே, ஜன்னல் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் இரவு விழிப்பு வந்தபோது நடைபாதை வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது. அந்தக் கதவு கனமானது, விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அப்பா தன் செருப்பை இடுக்கில் செருகிவிட்டு, வெளியே கம்பளத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணி நாலரை. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக, நாற்பது வருடம் அவர் எழுந்த நேரம்.

“விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை தம்பி. நம் காம்பிராவும் இப்படித்தான் இருட்டாக இருந்தது. ஆனால் அங்கே கதவைத் திறந்தால் மலை தெரியும்” என்றார்.

தோட்டத் தொழிலாளர்களின் லய வரிசையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, அதுதான் அந்தக் காம்பிரா. அவர் அதில் பிறந்தவர். நானும் அதே காம்பிராவில்தான் பிறந்தேன். ஜன்னல் உள்ள அறைக்குக் கூடுதலாகக் கேட்ட தொகை, நான் கரைச்சுற்றுலாவுக்குக் கட்டியதைவிடக் குறைவு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உள்ளறைமேல் பழி போடாதீர்கள். நானும் தங்கையும் அதே வழியில் உள்ளறையில்தான் போனோம், நன்றாகவே தூங்கினோம். எங்களை உலுக்கியது புக்கெட். அங்கே எங்கள் கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நின்றது, சிறு படகில் பாதோங் கரைக்குப் போய் வரவேண்டியிருந்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணிநேரம் பின்னால். கைபேசி தானாக மாறிவிட்டது, கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. கடையில் நின்றுகொண்டு மூன்று பத்து என்று நாங்கள் பார்த்தபோது கப்பலில் நான்கு பத்து. தங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினாள். கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பையன் எங்களைப் பார்த்து நிறுத்தினான். அந்தக் கயிறு இன்னும் கனவில் வருகிறது.

கொட்டகலை மாமா:
‘கடல் தெரியும் அறை’ என்று பணம் கட்டினேன். திரையை விலக்கினால் ஜன்னல் நிறைய ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. மூன்று நாள் அதைத்தான் பார்த்தேன். பார்வை மறைக்கப்பட்டது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்களாம்.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நானுஓயாவில் கோச்சி (ரயில்) ஏறும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று பார்க்கிறோமே, அதே கவனத்தோடு கப்பலின் தள வரைபடத்தைப் பாருங்கள். தலை சுற்றுகிறவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். சீசோ பலகை போல முன்னும் பின்னும்தான் அதிகம் ஏறி இறங்கும், நடு அவ்வளவு அசையாது. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம், விடியுமுன் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைமேல் கேட்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் அமைதியானது. பக்கத்து அறைக்குக் கதவு உள்ள அறையில் அவர்களுடைய பேச்செல்லாம் நமக்குக் கேட்கும். ‘அறை எண் பிறகு’ என்று மலிவாகத் தருவார்கள். எங்கே போட்டாலும் சரி என்பவர்கள் மட்டும் எடுங்கள்.

குடிபானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் பானப் பொதி பல நிறுவனங்களில் ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கினால்தான் கிடைக்கும். குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டுவதா என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள். ஊழியர் அன்பளிப்பு ஆளுக்கு, நாளுக்கு என்று பெரும்பாலும் தானாகவே பில்லில் ஏறும். கப்பல்காரரின் சுற்றுலாவில் போனால் பிந்தினாலும் உங்களுக்காக நிற்பார்கள், சொந்தமாகப் போனால் நிற்கமாட்டார்கள். டீச்சர் அதைத்தான் அனுபவித்திருக்கிறார். கப்பல் புறப்படும் நாளிலேயே விமானம் பிடிக்காதீர்கள். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே போய்ச் சேரமாட்டீர்கள்.

பதுளை மகள்:
மாமா, ஹட்டன் அண்ணா கேட்டது வரைபடம் இல்லையே. டீச்சர், ஒருவருக்குத் தூக்கம் வந்த அறை இன்னொருவருக்கு மூச்சுமுட்டலாம்.

என் தம்பி துபாயில் வேலை செய்கிறான். அங்கிருந்து புறப்படும் கப்பலில் அம்மாவுக்காகவே பால்கனி அறை எடுத்தோம். கப்பல் நகரும்போது கரையில் சிலர் கையசைத்தார்கள். அம்மா உள்ளே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி அவருடைய அக்கா குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை எங்கள் பக்கத்தில் அழுகைக் கோச்சி என்பார்கள். அம்மா பதுளை ஸ்டேஷனோடு நின்றுவிட்டார். அவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய தலைமன்னாரையோ அங்கே நின்ற கப்பலையோ அவர் பார்த்ததில்லை.

இரவு கரை மறைந்த பிறகு அம்மாவே கதவைத் திறந்து பால்கனியில் உட்கார்ந்தார். குளிருகிறது, உள்ளே வாருங்கள் என்றேன். “அக்காவும் இந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு போயிருப்பாள்” என்றார். நான் போர்வையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எடுத்தது சரியான அறையா, தவறான அறையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஹட்டன்காரன்:
தங்கச்சி, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய பெரியப்பாவும் அந்தக் கோச்சியில்தான் போனாராம். இன்றுதான் சொன்னார்.

மாமா, படகு மறைக்காத ஜன்னல் எது என்று வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு முறை வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.