80% கோட்டில் விசில் கேட்டவங்க கொஞ்சம் பேசுங்க

கடைசி_வரிசை:

சீசன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. ஏழு எக்ஸ்சிஓ (மவுண்டன் பைக் சுத்துப்பாதை) ரேஸ், அதுல நாலுல 80% வெட்டு, அதாவது ரொம்பப் பின்தங்கிட்டேன்னு பாதியிலயே வெளியே எடுத்துட்டாங்க. அதுக்காக அழ வரல. கடைசி ரேஸ்ல நடந்த ஒண்ணுதான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

நாலாவது லேப் முடியப்போகுது. வேர் வேரா ஓடுற ஏத்தம், மழை வேற. பின்சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது. இறங்கித் தள்ளி, திரும்ப ஏறி, ஷூவுல மண் அடைச்சுக்கிட்டு கிளீட் (ஷூவைப் பெடல்ல பூட்டற கொக்கி) மாட்டவே இல்ல, முழங்காலை ஃபிரேம்ல இடிச்சுக்கிட்டு ஒருவழியா மேல வந்தேன். பின்தங்கினவங்களை வெளியே எடுக்கற 80% ஜோனுக்கு முன்னாடி ஒரு இடது வளைவு. திரும்பினா கமிசேர் (ரேஸ் நடுவர்) நிக்கிறார். மஞ்சள் ரெயின்கோட், கையில ஸ்டாப்வாட்ச், வாயில விசில். எனக்கு முன்னாடி போனவளை விட்டுட்டார். அவளுக்கும் எனக்கும் நடுவுல பதினஞ்சு மீட்டர் இருந்தா அதிகம். என்னைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அந்த ரெண்டாவது பார்வையிலேயே தெரிஞ்சுபோச்சு.

விசில் அடிச்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இதைச் சொல்லத்தான் வந்தேன். கோபம் இல்ல, அழுகை இல்ல, தோள் ரெண்டும் தானா இறங்குச்சு. "அப்பாடா"ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அவருக்கும் கேட்டிருக்கணும், லேசா தலையாட்டினார். பத்து மாசம் இருட்டோட எழுந்து இன்டர்வல் பயிற்சி பண்ணினவ வாயில வர்ற வார்த்தையா அது? வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

நனைஞ்ச_வேர்:

எனக்கு இந்த சீசன்ல மூணு தடவை. லீடரோட வேகத்துல 80%க்குக் கீழ போனா தூக்கிடுவாங்கன்னு தெரிஞ்சுதான் ஓட்டறோம். ஆனா நிம்மதியெல்லாம் எனக்கு வந்ததில்ல, அவமானம்தான்.

என்னோடது பஞ்சர். மூணாவது லேப், ராக் கார்டன்ல (பாறையா கிடக்கற பகுதி) கடைசிக் கல்லு பின் டயரோட பக்கச்சுவரைக் கிழிச்சிருச்சு. டயருக்குள்ள ஊத்தியிருந்த சீலண்ட் காலெல்லாம் வெள்ளையா பீச்சியடிக்குது. ஓட்டையை அடைக்க ரெண்டு பிளக் சொருகினேன், நிக்கல. கையுறையைக் கழட்டிட்டு காத்தடிக்கற சிஓ2 குப்பியைப் பிடிச்சேன், அது சில்லுனு விரல்ல ஒட்டிக்கிச்சு. அடிச்ச காத்தெல்லாம் அதே கிழிசல் வழியா போயிருச்சு. வண்டியை ரிப்பேர் பண்ணிக்கற டெக் ஜோனுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். தூக்கிட்டும் தள்ளிட்டும் ஓடினேன்.

டெக் ஜோன்ல என் தம்பி தயாரா நிக்கிறான், சக்கரத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. முன் சக்கரம்! பின் சக்கரம் வண்டியிலேயே இருக்கு. கூட்டத்துக்கு நடுவுல அவனை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ரெண்டையும் எடுத்து வைன்னு காலையில நான்தான் அவன்கிட்ட சொல்லவே இல்லங்கறது வீட்டுக்குப் போற வழியிலதான் உறைச்சுச்சு. அவன் பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த ரேஸுக்கும் வந்தான், ரெண்டு சக்கரத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடியே அடுக்கி வெச்சிட்டு உக்காந்திருந்தான். நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல.

விதிப்புலி:

முதலில் ஒரு திருத்தம். 80% என்பது வேகக் கணக்கு இல்லை. லீடர் தன் முதல் லேப்புக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் 80%. அவர் 12 நிமிடத்தில் முடித்தால் 9 நிமிடம் 36 நொடி. அதற்கு மேல் பின்தங்கியவரை ஜோனில் வெளியே எடுப்பார்கள், கடைசி லேப்பில் இருப்பவரை மட்டும் விட்டுவிடுவார்கள். பின்தங்கியவர்கள் முன்னணிக்காரர்களின் வழியில் குறுக்கே வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. முடிவுப் பட்டியலில் இத்தனை லேப் குறைவு என்று உங்கள் பெயர் இருக்கும். டிஎன்எஃப் (ரேஸை முடிக்காதவர்) என்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள்.

நனைஞ்ச_வேர் சொல்வதுபோல உண்மையிலேயே 80% வேகத்தில் ஓட்டினால், 12 நிமிட லேப்புக்கு உங்களுக்கு 15 நிமிடம் ஆகும். லேப்புக்கு 3 நிமிடம் கடன். மூன்று லேப்பில் 9 நிமிடம், தப்பித்துவிடுவீர்கள். நான்காவது லேப் முடிவில் விசில். கடைசி_வரிசை போனதும் அங்கேதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அனுபவம்: ஒருமுறை 2 நொடியில் தப்பினேன், அடுத்த லேப்பில் மாட்டினேன். அவ்வளவுதான்.

இப்போது கடைசி_வரிசைக்கு. உங்கள் பெயரே பிரச்சினையைச் சொல்கிறது. தரவரிசைப் புள்ளி இல்லாதவர்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். முன்வரிசை சிங்கிள் டிராக்குக்குள் (ஒரு வண்டி மட்டும் போகும் ஒற்றைப் பாதை) நுழைந்துவிடும், நீங்கள் நெரிசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பீர்கள். முதல் நெரிசலிலேயே ஒரு நிமிடம் போய்விட்டால் மீதி எட்டரை நிமிடத்தை வைத்து எத்தனை லேப் ஓட்டுவீர்கள்? ஆகவே ஸ்டார்ட்டைத் தனியாகப் பழகுங்கள். வாரம் ஒருநாள், நின்ற நிலையிலிருந்து 90 நொடி முழு மூச்சில், உடனே மூச்சிரைக்க ஒரு தொழில்நுட்ப இறக்கம். புத்துணர்ச்சியோடு இறங்கிப் பழகினால் ரேஸில் பயன்படாது. அடுத்தது டயர் அழுத்தம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். டிஜிட்டல் கேஜ் வாங்கி, ஈரத்தில் 1 பிஎஸ்ஐ, 1 பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டதும் ஒன்று ஏற்றிவிட்டு அங்கேயே நில்லுங்கள். வேரில் சக்கரம் சுத்தியது கால் பலத்தால் மட்டும் இல்லை, நீங்கள் எழுந்து நின்று மிதித்திருப்பீர்கள். உட்கார்ந்து மிதிக்க வேண்டும். கிளீட்டில் மண் ஒட்டாமலிருக்கக் கிளம்பும் முன் சிலிகோன் ஸ்பிரே அடியுங்கள். பஞ்சரானால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்காதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன் டயர் பஞ்சராகி, சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியும் கடைசி லேப்பில் பிரான்ஸின் கோரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கினார்.

நனைஞ்ச_வேர்:

கணக்குக்கு நன்றி சார். பிட்காக்குக்குச் சரியான சக்கரத்தைக் கொடுத்தாங்க. அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

அந்தக்கா நிம்மதியைப் பத்திக் கேட்டாங்க, டயர் அழுத்தத்தைப் பத்திக் கேக்கல.

ஒத்தைக்_கண்ணாடி:

சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க. என்னை இதுவரைக்கும் யாரும் இழுத்ததில்ல. ஆனா என்கிட்டயும் ஒண்ணு இருக்கு.

ஒரு ரேஸ்ல, செங்குத்தா இறங்கற ஒரு டிராப்ல, வெள்ளிக்கிழமை பயிற்சியப்போ இடது ஓரமா ஒரு பலகைச் சரிவு போட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை அது இல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ல நெதர்லாந்து வீரர் வான் டெர் போல் விழுந்தாரே, பலகை இருக்கும்னு நம்பிப் போய். கிட்டத்தட்ட அதே கதை. நான் முந்தின நாள் சாயங்காலம் நடந்துபோய்ப் பார்த்ததால தப்பிச்சேன். எனக்கு முன்னாடி போன பொண்ணு பார்க்கல. முன்சக்கரம் நேரா கீழ குத்தி, ஹேண்டில்பாருக்கு மேல போய் விழுந்தா. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஹெல்மெட் முகப்புத் துண்டு உடைஞ்சு பாதை நடுவுல கிடக்கு. பின்சக்கரம் இன்னும் சுத்திக்கிட்டு, அதோட நடு அச்சுல இருக்கற ஃப்ரீஹப் டிக்டிக்டிக்குனு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கு.

"ஓகேவா?"ன்னு கத்தினேன். நிக்கல. பதில் வர்றதுக்குள்ள நான் அடுத்த வளைவுல இருக்கேன். பாதையைப் பார்த்துக்கற மார்ஷலோட விசில் பின்னாடி கேட்டுச்சு, யாரோ போயிட்டாங்கன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். காலர்போன் உடைஞ்சதுன்னு சாயங்காலம் தெரிஞ்சுது.

31வது வந்தேன், என் சீசன்லயே அதுதான் நல்ல இடம். அவ விழாம இருந்திருந்தா 32. நான் நின்னிருந்தா எத்தனையாவதுன்னு ராத்திரியில கணக்குப் போடறேன் பாருங்க, அதுதான் எனக்கே பிடிக்கல.

விதிப்புலி:

மார்ஷல் இருந்தால் போட்டியாளர் நின்றே ஆகவேண்டும் என்று இல்லை. நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை.

ஒத்தைக்_கண்ணாடி:

மீறினேன்னு நான் சொல்லவே இல்லையே.

நீலவிசில்:

நான் ரேஸ் ஓட்டறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப 80% ஜோன்ல நிக்கிறேன். அந்தப் பக்கத்துக் கதையையும் ஒண்ணு கேட்டுக்கோங்க.

ஒரு ஜூனியர் பையன், பதினேழு வயசு இருக்கும். விசில் அடிச்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே போயிட்டான். கேக்காத மாதிரி நடிக்கிறவங்க கழுத்தைப் பார்த்தாலே தெரியும், விறைச்சுக்கும். ஓடிப்போய் பிடிக்கவா முடியும்? ரேடியோவுல சொன்னேன், பாதையில யாரும் அவனை நிறுத்தல. அடுத்த சுத்து வந்தான். பின்னாடி நூறு மீட்டர்ல லீடரோட மோட்டார்சைக்கிள் சத்தம். நான் விசிலை வாயில வைக்கறதுக்குள்ள அவனே ஓரங்கட்டி இறங்கினான். நம்பர் பிளேட்டோட ஜிப்டையை அறுக்கக் கத்தரி இல்ல, பல்லாலயே கடிச்சு இழுத்தான். ஒண்ணு வந்துச்சு, மத்தது வரல. நான் குனிஞ்சு அறுத்துக் கொடுத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. லீடர் எங்க பக்கத்துல சேறு தெறிக்கப் போனார். பையன் அவரோட பின்சக்கரத்தையே பார்த்துக்கிட்டு, "இந்த மேட்டுலயும் உக்காந்துதான் மிதிக்கிறார்"னான்.

கடைசி_வரிசை, அந்த "அப்பாடா" எனக்குப் பழகின சத்தம்மா. நிறைய பேர் சொல்லுவாங்க. சிலருக்கு மூச்சு வாங்கற வாங்குல வார்த்தையா வராது, தோள் மட்டும் இறங்கும்.

கடைசி_வரிசை:

அண்ணே, அன்னிக்கு மஞ்சள் ரெயின்கோட்ல நின்னது நீங்க இல்லையே?

நீலவிசில்:

இல்லம்மா. என்னுது நீலம்.